மேலே பார்க்காத கண்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஒரு வட்டாரத்தில், மாற்றுத்திறன் கொண்ட பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பது என் வேலை. இந்த ஆய்வில் வரும் சிறுமிக்கு மூளை முடக்குவாதம். இப்போது 11 வயது. அவளை நான் முதலில் பார்த்தபோது ஏழு வயது. இடைப்பட்ட காலத்தில் எது சரியாக நடந்தது, எது பிசகியது, அந்தப் பிசகில் என் பங்கு எவ்வளவு என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். பெற்றோரின் சம்மதம் பெற்றிருக்கிறேன். சிறுமிக்கும் முழுவதையும் இரண்டு நாளாகப் பிரித்துப் படித்துக் காட்டினேன். அவள் வெட்ட வேண்டும் என்று சொன்ன ஒரு பத்தியை வெட்டிவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேற மூன்று பாதைகள் உண்டு: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. இருள் பிரியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் தெருத்தெருவாக ஹாரன் அடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு இந்தப் பாதைகளில் இடுக்கி மாவட்டத்துக்குள் போகும். பொழுது சாயும்போது திரும்பி வரும். சிறுமியின் தாய் அப்படி ஒரு ஜீப்பில் போகிறவர். தந்தைக்குக் கீழே திராட்சைப் பந்தலில் வேலை. வீட்டில் பகல் முழுவதும் சிறுமியைப் பார்த்துக்கொள்வது அம்மாச்சி. ஒரு தம்பி இருக்கிறான், நான்கு வயது இளையவன்.

சிறுமி பிறந்தபோது குடும்பம் மலைமேல் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்தது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான் கீழே வந்தார்கள். இந்த இடமாற்றம் ஆய்வுக்கு முக்கியம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முதல் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் ஒரு மாநிலத்தில். ரேஷன் அட்டை, ஆதார், பள்ளி எல்லாம் இன்னொரு மாநிலத்தில். ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. ஏழு ஆண்டுகளாக அந்தப் பெட்டியை ஒருவரும் முழுதாகக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

நோயின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மூளை முடக்குவாதம் என்று எழுதுகிறோம். ‘வாதம்’ என்றதும் மக்கள் மனதில் எண்ணெயும் தடவலும் வந்துவிடுகின்றன. ‘முடக்கு’ என்றதும் அசையாத உடல் வந்துவிடுகிறது. இந்தச் சிறுமியின் உடலோ அசையாமல் நின்றதே இல்லை. கையை நீட்ட நினைத்தால் கை முறுக்கிக்கொண்டு பின்னால் போகும், வாய் கோணும், கால் உதறும். தூங்கினால் மட்டும் அத்தனையும் அடங்கி உடல் துணிபோலத் தளரும். மூளை முடக்குவாதம் ஒரே நோயன்று. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஒருமுறை ஏற்பட்ட சேதத்தால் அசைவும் உடல் நிற்கும், உட்காரும் நிலையும் பாதிக்கப்படும் பல நிலைகளுக்கு அது பொதுப்பெயர். ஆயிரம் பிறப்புகளில் சுமார் இரண்டு குழந்தைகளுக்கு வருகிறது. பெரும்பாலோருக்குத் தசை விறைப்பு முதன்மையாக இருக்கும். சிறுபான்மையினருக்கு இவளைப் போலக் கட்டுக்கு அடங்காத அசைவு முதன்மையாக இருக்கும். இவளுக்கு இரண்டும் கலந்திருந்தன.

பிறந்த வாரம்

இந்தப் பகுதியில் உள்ளவை எனக்குப் பின்னால்தான் தெரியவந்தன. ஆனாலும் நடந்த வரிசையில் முதலில் வைக்கிறேன்.

நிறைமாதம், சுகப்பிரசவம், 2.8 கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதாள். தாயின் இரத்தம் ஓ வகை, குழந்தையினுடையது பி வகை. இரண்டாம் நாளே லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் முகம் மஞ்சளாக இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டுங்கள் என்று லயத்தில் மூத்தவர்கள் சொன்னார்கள். அது மழைக்காலம். ஏலமலையில் வெயிலுக்கு எங்கே போவது? நான்காம் நாள் மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கியது. குழந்தை பால் குடிக்க மறுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தது. “பாவம், அசந்து தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்” என்றார்கள். ஐந்தாம் நாள் கீச்சுக்குரலில் அழுது உடல் வில்லாக வளைந்தபோதுதான் ஜீப் தேடினார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 34 மில்லிகிராம் இருந்தது. குருதி மாற்று செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் கொஞ்சம் மஞ்சளாகத்தான் ஆவார்கள். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்த வகை பொருந்தாதபோது சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து பிலிருபின் ஏறிக்கொண்டே போகலாம். ஓர் அளவைத் தாண்டினால் அது மூளைக்குள் புகுந்து, அசைவைச் சீர்செய்யும் ஆழ்பகுதிகளையும், செவி நரம்பின் பாதையையும், கண்ணை மேல்நோக்கித் திருப்பும் பகுதியையும் குறிவைத்துத் தாக்கும். சிந்திக்கும் திறனுக்கான மேற்பரப்புப் பகுதிகள் பெரும்பாலும் தப்பிவிடும். நீல ஒளியில் படுக்கவைக்கும் சிகிச்சையை நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். காலை வெயில் அதற்கு ஈடாகாது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, கால்வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த ஏழு ஆண்டுகள்

எட்டு மாதத்தில் தலை நிற்கவில்லை. ஒன்றரை வயதில் ‘மூளை வளர்ச்சிக் குறைவு’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு குடும்பம் தேடியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை நடக்குமா? மலைக்கு மேலே 21 நாள் உழிச்சில் என்ற எண்ணெய்த் தடவல் இரண்டு முறை. கீழே எண்ணெய்க் காப்பு. யாரோ சொன்னார்கள் என்று இடுப்புவரை மணலில் புதைத்து வைத்தது ஒரு கோடைகாலம் முழுவதும். தாயின் தோடும் தந்தையின் சைக்கிளும் இதில் போயின. இவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘நடக்க வாய்ப்பு மிகவும் குறைவு, ஆனால் வேறு பலவற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது’ என்ற இரண்டு வரியை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்க முடியும். 1997இல் வெளியான அசைவுத்திறன் வகைப்பாடு மூளை முடக்குவாதத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை ஓடியாடும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையும் முதுகும் நிற்கவே பிறர் உதவி வேண்டும். இரண்டு வயதுக்குப் பிறகு இந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. இந்தச் சிறுமி ஐந்தாம் நிலை.

ஆறு வயதில் ஒரு மருத்துவ முகாமில் அவளைச் சோதித்திருக்கிறார்கள். “ஆமாம் என்றால் மேலே பார், இல்லை என்றால் கீழே பார்” என்று சொல்லிக் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கும் அவள் மேலே பார்க்கவில்லை. ‘கடுமையான அறிவுத்திறன் குறைபாடு’ என்று எழுதப்பட்டது.

முதல் ஐந்து மாதங்கள்: என் பதிவேடு

பள்ளிக்கு வராத குழந்தைகளின் கணக்கெடுப்பில் அவள் பெயர் வந்தது. ஜூன் மாதம் முதல் முறை போனேன். அம்மாச்சியின் மடியில் மல்லாந்து கிடந்தாள். தலை பின்னால் தொங்க, திறந்த வாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார் அம்மாச்சி. எடை 13 கிலோ. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். அந்த ஆண்டு இரண்டு முறை நிமோனியா வந்திருந்தது.

உணவு ஊட்டும் முறையை முதல் நாளே மாற்றினோம். தலை பின்னால் சாய்ந்திருந்தால் நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இடுப்பை மடக்கி உட்காரவைத்து, முகவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க, முகத்துக்கு எதிரில் இருந்து, கஞ்சித் தண்ணீருக்குப் பதில் கெட்டியான கூழைச் சிறு கரண்டியில் ஊட்டச் சொன்னேன். அம்மாச்சி முதலில் நம்பவில்லை. ஒரு வாரத்தில் புரையேறுவது குறைந்ததும் தெருவில் உள்ள கைக்குழந்தைகளின் தாய்மாருக்கெல்லாம் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அதைத் தவிர அந்த ஐந்து மாதங்களில் நான் செய்தவை பெருமைப்படக் கூடியவை அல்ல. வாரம் ஒரு முறை போய்க் கால்களை விரித்து நீட்டும் பயிற்சி கொடுத்தேன். கையால் இழுத்து நீட்டுவதால் மட்டும் நீண்டகாலப் பலன் உண்டு என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அது தெரிந்தும், வழக்கம் என்பதால் செய்தேன். என் பதிவேட்டில் இருந்து மூன்று குறிப்புகள்:

“வலது காலைத் தொட்டாலே அழுகை. அடம்.”

“காலையில் ஜீப் ஹாரன் கேட்டதும் உடல் விறைத்து அலறுகிறாள். ஒலிக்கு அதிர்கிறாள். கதவைச் சாத்தி வைக்கவும்.”

“பற்கள் குழிவிழுந்து கறைபட்டுள்ளன. பல் துலக்குவதில்லை. அறிவுறுத்தப்பட்டது.”

மூன்றுமே தவறு. ஒவ்வொன்றும் எப்படித் தவறு என்று தெரிய எனக்கு டிசம்பர் வரை ஆயிற்று.

பந்து

நவம்பரில் ஒருநாள் தம்பி ரப்பர் பந்தை விட்டத்தை நோக்கி எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். சிறுமி அதைப் பார்த்தாள். பந்து மேலே போகும்போது அவள் கண் மேலே போகவில்லை. தலை முழுவதும் பின்னால் சாய்ந்து, அதனோடு முதுகும் வளைந்தது. இத்தனை நாளும் விறைப்பின் வளைவு என்று நான் எண்ணியிருந்த அசைவு அது. பந்து கூடத்தில் பக்கவாட்டில் உருண்டபோது கண்கள் தடையின்றி அதைத் தொடர்ந்தன. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் பந்து மறைந்ததும், மறுபக்கம் எங்கே வெளிவரும் என்று முன்கூட்டியே அங்கே போய்க் காத்திருந்தன.

அந்தக் காத்திருப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அறிவுத்திறன் குறைபாடு கடுமையாக உள்ள குழந்தையின் பார்வை அல்ல அது.

கண் மேலே எழாதது, கட்டுக்கு அடங்காத அசைவு, பால்பற்களின் எனாமல் சிதைவு. கல்லூரியில் ஒருமுறை படித்து மறந்த ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது. நான்காவதாக அதில் செவித்திறன் குறைபாடு இருக்கும். “பிறந்தபோது மஞ்சள் காமாலை வந்ததா?” என்று அன்றுதான் கேட்டேன். ஐந்து மாதத்தில் முதல் முறை. “வந்ததே, எல்லாருக்கும் வருவதுதானே” என்றார் அம்மாச்சி.

தகரப் பெட்டி கவிழ்ந்தது. ஒரு பழைய தாய் சேய் அட்டையின் ஓரத்தில் மலைமேல் இருந்த சுகாதாரப் பணியாளர் மலையாளத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. மாலையில் தாயை இறக்கிவிட வந்த ஜீப் டிரைவரிடம் நீட்டினோம். அவர் ஹெட்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்: மஞ்ஞப்பித்தம், ரக்தம் மாற்றியது, செவி பரிசோதனை வேண்டும். காரணமும் அடுத்த வேலையும் ஏழு ஆண்டுகளாக வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கின்றன.

ஆமாம், இல்லை

முதல் முடிவு: மேலே கீழே என்பதை விட்டுவிட்டு, வலப்பக்கம் பார்த்தால் ஆமாம், இடப்பக்கம் பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். வலது பக்கம் தாயின் பச்சை வளையலை ஒரு குச்சியில் மாட்டி நிறுத்தினோம். தம்பியின் பெயரைத் தவறாகச் சொன்னேன். இடப்பக்கம் பார்த்துச் சிரித்தாள். சரியாகச் சொன்னேன். வளையலைப் பார்த்தாள். தற்செயலாக இருக்கக்கூடாது என்பதற்காக இரண்டு வாரம் வெவ்வேறு ஆள் கேட்டு, விடை தெரிந்த கேள்விகளாக 40 கேட்டோம். 36க்குச் சரியான பதில். தவறிய நான்கும் தெருவில் மைக் செட் பாடிக்கொண்டிருந்த மாலையில் கேட்டவை.

அந்த நான்கு தவறுகள் வீணாகவில்லை. மதுரையில் எடுத்த செவிப் பரிசோதனையில், காதின் உள்ளுறுப்பு வேலை செய்கிறது, அதிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி சீராகப் போகவில்லை என்று தெரிந்தது. ஒலி கேட்கும், ஆனால் சொல் தெளியாது. இரைச்சலில் இன்னும் மோசமாகும். காதின் எதிரொலியை மட்டும் அளக்கும் எளிய சோதனையில் இந்தக் குறை சிக்காது. நரம்பின் பதிலை அளக்கும் பெரா சோதனையும் வேண்டும். காது கேட்கும் கருவியை மூன்று மாதம் போட்டுப் பார்த்தோம். பயனில்லை, நிறுத்தினோம். பதிலாக வீட்டில் ஒரு வழக்கம் வந்தது: டிவியை அணைத்து, அவள் முகத்துக்கு நேரே, ஒருவர் மட்டும், நிதானமாகப் பேசுவது.

எங்கே வலிக்கிறது

ஆமாமும் இல்லையும் உறுதியானதும், டிசம்பரில், நான் முதலில் கேட்டது வலியைப் பற்றி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வலி உண்டு என்பது தெரிந்திருந்தும் அதுவரை கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

காதிலிருந்து தொடங்கினேன். இல்லை. தோள், இல்லை. வயிறு, இல்லை. வலது தொடையின் மேற்பக்கத்தில் விரலை வைத்ததும் கேள்வியை முடிக்கும் முன்பே வளையலைப் பார்த்தாள். இரவிலா? ஆமாம். டீச்சர் காலை இழுக்கும்போதா? ஆமாம். வளையலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பின் தலைப்பகுதியில் 46 சதவீதம் இடுப்புக்குழிக்கு வெளியே இருந்தது. இடது 22. பொதுவாக 30ஐத் தாண்டினால் இடுப்பு நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறக்கும்போது இந்தக் குழந்தைகளின் இடுப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிற்காததும், தொடையின் உட்புறத் தசை ஓயாமல் இழுப்பதும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எலும்பை மெல்ல வெளியே தள்ளும். மூளையின் சேதம் வளர்வதில்லை. உடல் வளர்கிறது, இழுப்பு அதோடு வளர்கிறது. முதல் நிலைக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இல்லையென்றே சொல்லலாம். ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு வரக்கூடும். ஆகவே நடக்காத குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் தொடங்கி ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நழுவலின் தொடக்கத்தில் வலி இருக்காது. வெறும் கண்ணுக்கும் தெரியாது.

இவளுக்கு ஏழரை வயதில்தான் முதல் எக்ஸ்ரே. அந்த இடுப்பைத்தான் நான் ஐந்து மாதம் விரித்து நீட்டியிருக்கிறேன்.

காலை அலறலையும் கேட்டோம். ஹாரன் சத்தம் பயமா? இல்லை. காது வலியா? இல்லை. பலவற்றைக் கேட்டுச் சலித்த பிறகு தாய்தான் கேட்டார்: “அம்மா போவதைப் பார்க்க வேண்டுமா?” ஆமாம். ஹாரன் கேட்டதும் கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது என் ஆலோசனைப்படி.

நாற்காலி

அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்குள் உட்காரும் முறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஊர்த் தச்சர் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்தோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கும்படியும், தொடைகளுக்கு நடுவே ஒரு மெத்தை வைத்த கட்டை இருக்கும்படியும், இடுப்பைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் பட்டை, பாதங்களுக்குப் பட்டை, முன்னால் மேசை என்றும் அமைத்தோம். அசைவு அடங்காத குழந்தைக்கு நாற்காலி என்பது பிடிமானம். இடுப்பும் பாதமும் நிலைத்தால் தலை நிற்கும், தலை நின்றால் கண் நிற்கும். மேசையில் ஒரு செங்குத்துக் குச்சி நட்டு, இடது கையால் அதைப் பிடிக்கச் சொன்னதும் வலது கையின் உதறல் கண்கூடாகக் குறைந்தது. முதல் நாற்காலியில் இருக்கையின் ஆழம் இரண்டு அங்குலம் கூடிப்போய் அவள் சரிந்துகொண்டே இருந்தாள். இரண்டாவது சரியாக அமைந்தது. தச்சர் இரண்டாவதற்குக் கூலி வாங்கவில்லை.

தசை தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையும் குழந்தை நரம்பியல் மருத்துவர் சொன்னபடி தொடங்கியது. பொங்கல் விடுமுறையில் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் கொடுக்காமல் விட்டார்கள். விறைப்பும் காய்ச்சலும் கூடி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நான் அதைச் சொல்லியிருந்தேன், ஆனால் தந்தையிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மாத்திரை கொடுப்பவர் அம்மாச்சி.

அறுவை சிகிச்சை: தயக்கமும் முடிவும்

எலும்பு மருத்துவர் இரண்டு வழி சொன்னார். உட்தொடைத் தசைநாரை மட்டும் தளர்த்துவது சிறிய சிகிச்சை, ஆனால் இந்த வயதிலும் இந்த அளவிலும் அது போதாமல் போகலாம். தொடை எலும்பை வெட்டித் திசை திருப்பித் தகடு பொருத்துவது பெரிய சிகிச்சை, நிலைக்கும் வாய்ப்பு கூடுதல்.

“நடக்கவே போகாத பிள்ளைக்கு இடுப்பு ஆபரேஷன் எதற்கு டீச்சர்?” என்று தந்தை கேட்டார். நல்ல கேள்வி. உட்காருவதற்கு, வலியில்லாமல் தூங்குவதற்கு, வயது வந்த பிறகு துணி மாற்றவும் கழுவவும் கால் விரிவதற்கு என்றேன். இடுப்பு முழுதாக நழுவிவிட்டால் பின்னால் சரிசெய்வது கடினம் என்றும் சொன்னேன். அவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சரி என்றார்.

சிறுமியிடம் கேட்டோம். இல்லை என்றாள். வலிக்கும் என்று பயமா? இல்லை. ஊசியா? இல்லை. அம்மா உன்னை அங்கே விட்டுவிட்டு ஜீப்பில் போய்விடுவார் என்றா? ஆமாம்.

அதனால்தான் நாள் குறிப்பதில் ஏலக்காய் எடுப்பைக் கணக்கில் எடுத்தோம். அறுவடை நடக்கும் மாசி வரை தாயின் கூலி இல்லாமல் வீடு ஓடாது. பங்குனியில் என்றால் சிகிச்சைக்குப் பிந்தைய ஆறு வாரமும் கூடவே இருக்கலாம். மருத்துவர் தாமதத்தை விரும்பவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார். அந்த மூன்று மாதத்தில் 46 என்பது 50 ஆயிற்று. இது சரியான முடிவா என்று என்னிடம் கேட்டால், தாய் உடனிருந்ததற்குக் கொடுத்த விலை அது, அந்த விலை தகும் என்பேன். வேறொருவர் வேறாகச் சொல்லலாம்.

அரசு காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் சிகிச்சை நடந்தது. முதல் இரண்டு வாரம் கொடுமை. கட்டுக்குள் தசை துடிக்கும் ஒவ்வொரு முறையும் அலறினாள். அதில் ஒரு பகுதி தவிர்க்கக் கூடியது. பச்சை வளையல் வீட்டிலிருந்து கொண்டுபோன பைக்குள்ளேயே இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தாயை உள்ளே விடாத முதல் இரவில், அவளுக்கு ஆமாம் இல்லை சொல்லத் தெரியும் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. கழுத்தில் தொங்கவிடும் ஓர் அட்டையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

இரண்டு மாநிலத்துக் காகிதங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளை முடக்குவாதம் அவற்றில் ஒன்று. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். அதை வாங்க இவர்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ஒரு விதமாகவும், தமிழிலிருந்து போன ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தன. திருத்தம் செய்ய மலைக்கு மூன்று பயணம். அட்டை வந்த பிறகு தமிழ்நாட்டு அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் வரத் தொடங்கியது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்தார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சிகிச்சைப் பயிற்சிகளுக்கும் சேர்த்து உதவும் திட்டம் அது. எல்லையோரத்தில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது பின்னால் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எழுத்துகள்

ஒன்பது வயதில் தெருமுனைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். ஆறு முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசமாகப் படிக்க மேலே சொன்ன 2016 சட்டமே உரிமை தருகிறது. மின்விசிறிச் சத்தமும் சாலைச் சத்தமும் எட்டாத மூலையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி நாற்காலியைப் போட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஆமாம் இல்லையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாளாயிற்று.

சிறப்பாசிரியர் எழுத்துப் பலகை ஒன்று செய்தார். 247 எழுத்தையும் ஒரே பலகையில் அடுக்கினால் யாராலும் கண்ணால் தேட முடியாது. அவர் நம் எழுத்தின் அமைப்பையே வழியாகக் கொண்டார். ஒரு பக்கம் 18 மெய், மறுபக்கம் 12 உயிர். உதவுபவர் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவார், வேண்டிய இடத்தில் சிறுமி வலப்பக்கம் பார்த்து நிறுத்துவாள். ஒரு மெய், ஓர் உயிர், இரண்டு நிறுத்தத்தில் ஓர் உயிர்மெய் கிடைத்துவிடும். கற்றுக்கொள்ள 14 மாதம் ஆயிற்று.

யாரும் கேட்காமல் அவளாகக் கூட்டிய முதல் சொல் ‘உப்பு’. சாப்பாட்டு நேரத்தில். சீக்குப் பிள்ளைக்கு உப்பு ஆகாது என்று அம்மாச்சி பிறந்ததிலிருந்தே கூழில் உப்புப் போடாமல் ஊட்டியிருக்கிறார். அன்று அம்மாச்சி அழுதார், பிறகு கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டார். அடுத்த சொல் ‘கம்மி’யாக இருந்தது.

இன்றைய நிலை

அவள் நடக்கவில்லை, நடக்கப் போவதுமில்லை. பேச்சு இரண்டு மூன்று ஒலிகளுக்கு மேல் வரவில்லை. எடை 20 கிலோ, இன்னும் குறைவுதான். கடைசி இரண்டு ஆண்டில் நிமோனியா ஒரு முறை மட்டும். வலது இடுப்பில் வலி இல்லை. ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் உட்காருகிறாள். நான்காம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். கணக்கு பிடிக்கிறது, சமூக அறிவியல் பிடிக்கவில்லை. காலையில் ஹாரனுக்கு முன்பே நாற்காலி வாசலுக்கு வந்துவிடுகிறது. அலறல் நின்று இரண்டு ஆண்டாகிறது. சில நாள் ஜீப்புக்குள் இருக்கும் பெண்களும் இறங்கி வந்து ஒரு சொல் கூட்டச் சொல்லிவிட்டுப் போவார்கள். புறப்பாடு தாமதமாகிறது என்று டிரைவர் முணுமுணுப்பார், ஆனால் அவரும் எட்டிப் பார்ப்பார்.

சரியாகாதவையும் உண்டு. இடது இடுப்பு 22இலிருந்து 29க்கு வந்திருக்கிறது. அம்மாச்சிக்கு 68 வயது, அவர் இனி அவளைத் தூக்க முடியாது. குளியலறைக்குத் தூக்கிப் போகும் தாய்க்கு முதுகு வலி. சக்கர நாற்காலி கிடைத்திருக்கிறது, ஆனால் அவர்கள் தெருவில் அது போகாது. அவள் பருவம் எய்தும்போது என்ன செய்வது என்று தாய் கேட்கிறார். என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது.

இப்போது நான் மாற்றிச் செய்பவை

புதிதாக ஒரு குழந்தையைப் பார்க்கும்போது முதல் நாளே பிறந்த வாரத்தின் கதையை முழுவதும் கேட்கிறேன், காகிதங்களை எல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறேன், மலையாளம் தெரிந்தவரை வைத்துப் படிக்கிறேன். நடக்காத குழந்தை என்றால் இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் காலைத் தொடுவதில்லை. ஆமாம் இல்லை சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்கும் வரை அறிவுத்திறன் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. கண்ணா, கையா, நாக்கா, முழங்காலா, எந்த உறுப்பு அவர்கள் சொல்லுக்கு அடங்குகிறது என்று முதல் மாதம் முழுவதும் தேடுவேன். பதிவேட்டில் ‘அடம்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். இளைய சிகிச்சையாளர்கள் எழுதினால், எதைச் செய்தபோது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்கிறேன்.

மருத்துவமனைக்குப் போகும் குழந்தைகளுக்கெல்லாம் கழுத்து அட்டை கட்டி அனுப்புகிறேன். சிறுமியின் அட்டையில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றாவதை அவளே கூட்டினாள்: “மெதுவாகப் பேசுங்கள், கத்த வேண்டாம்.”

இடது இடுப்பின் அடுத்த எக்ஸ்ரே தை மாதம். காய் எடுப்பு அப்போதும் முடிந்திருக்காது.